ஒன்றரை ஏக்கர் நிலம்

விதைத்தவை யாவும் விளைந்துவிடுவதில்லை. ஓர் ஆண்டு மழை பொய்க்கிறது. மற்றோர் ஆண்டு வெள்ளம் வந்து நாற்றை அடித்துச் செல்கிறது. பூச்சியும் நோயும் ஒருபுறம், ஆடும் மாடும் மறுபுறம் எனப் பயிருக்கு வரும் கேடுகள் பலவாகும். ஒரு பருவம் பொய்த்தால் உழவன் வருந்துவான். இரண்டு மூன்று பருவங்கள் தொடர்ந்து பொய்த்தால் அவன் உள்ளமே சோர்ந்துவிடும். ‘இம்மண் இனி ஒன்றுக்கும் உதவாது’ என்று கூறி, மண்வெட்டியை மூலையில் சாய்த்து வைப்போர் உளர். ‘முன்னர்ச் செய்தவற்றில் பிழை யாது?’ என்று ஆராய்ந்து, அதே மண்வெட்டியை மீண்டும் கையில் எடுப்போரும் உளர். இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருவருடைய வரலாறு ஆஸ்திரேலிய நாட்டில் இன்றும் போற்றப்படுகிறது. அவர் பெயர் ஜேம்ஸ் ரூஸ். அவர் அரசரல்லர்; அறிஞருமல்லர்; குற்றம் புரிந்து நாடு கடத்தப்பட்ட ஓர் ஏழை உழவர். அவரை உயர்த்தியது ஒன்றரை ஏக்கர் நிலம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டுச் சிறைச்சாலைகள் நிரம்பி வழிந்தன. சிறு களவுக்கும் பெருந்தண்டனை விதித்த காலம் அது. முன்பெல்லாம் தண்டனை பெற்றோரை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பிவந்தனர். அக்குடியேற்றங்கள் விடுதலை பெற்றபின் அவ்வழி அடைபட்டது. கடலோடத் தகுதியற்ற பழங்கப்பல்களைத் துறைமுகங்களில் நிறுத்தி, அவற்றையே சிறைகளாக்கினர். அவையும் நிரம்பவே, உலகின் மறுகோடியிலிருந்த ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையில் ஒரு புதிய குடியேற்றம் அமைக்க ஆங்கில அரசினர் முடிவு செய்தனர். 1787-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் பதினொரு கப்பல்கள் இங்கிலாந்தினின்று புறப்பட்டன. அவற்றில் எழுநூற்றுக்கு மேற்பட்ட கைதிகளும், காவற்படையினரும், அவர்தம் குடும்பத்தினரும், மாலுமிகளும் இருந்தனர். ஆர்தர் பிலிப் என்னும் கடற்படைத் தலைவர் ஆளுநராக நியமிக்கப்பெற்று உடன் சென்றார்.

கப்பல்கள் வழியில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜனேரோவிலும், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் தங்கின. பிலிப் இளமையில் கடலோடியவர். இடையில் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் நிலம் வைத்துப் பயிரிட்டவர். ஆதலால் உணவுப் பொருளோடு விதையும் செடியும் வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆரஞ்சு, எலுமிச்சை, கொய்யா, புளி, அத்தி, திராட்சை, கரும்பு முதலியவற்றை அவ்விரு துறைமுகங்களிலும் சேகரித்தார். கோதுமையும் வாற்கோதுமையும் காய்கறி விதைகளும் கப்பலில் இருந்தன. 1788-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் அக்குழுவினர் சிட்னித் துறையில் இறங்கினர். ‘ஓரிரு ஆண்டுகளில் நம் உணவை நாமே விளைவித்துக்கொள்ளலாம்’ என்பதே அவர்கள் நம்பிக்கை.

அந்நம்பிக்கை விரைவில் தளர்ந்தது. கரையை அடுத்த ஒரு குடாவின் ஓரத்தில் ஒன்பது ஏக்கர் நிலத்தைத் திருத்தி விதைத்தனர். கோதுமை விதை முளைக்கவில்லை. எட்டு மாதக் கடற்பயணத்தில் கப்பலின் அடித்தட்டில் வெப்பத்தால் வெதும்பியும், வண்டரித்தும் அது உயிரிழந்திருந்தது. விதைக்கும்போது பார்வைக்கு மணி மணியாகவே இருந்தது; மண்ணுக்குள் சென்றபின் அழுகியது. காய்கறி விதைகளுள் சில முளைத்தன. அவற்றுள்ளும் பல, சில நாளில் வாடின. இங்கிலாந்தில் வேனிலாக இருக்கும்போது ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அங்குக் குளிராக இருக்கும்போது இங்கு வேனில். தாய்நாட்டுப் பருவக் கணக்கை மனத்திற்கொண்டு விதைத்தோர்க்குப் புதிய நாட்டின் பருவம் பிடிபடுவதற்கே நாட்கள் பல சென்றன.

மண்ணும் வளமற்றது. சிட்னித் துறையைச் சூழ்ந்த நிலம் மணற்பாறை சிதைந்து உண்டானது. மேலே சிறிது மண், அடியில் பாறை. பெய்த நீர் நில்லாமல் ஓடிவிடும். ஆஸ்திரேலிய மண்ணில் மணிச்சத்து மிகக் குறைவு என்பதை இன்று மண் ஆராய்ச்சியாளர் கூறுவர். அந்நாட்டு மரஞ்செடிகள் அக்குறைவுக்கு ஏற்றவாறு வாழக் கற்றவை. ஐரோப்பாவினின்று வந்த கோதுமையோ அவ்வாறு பழகியதன்று. வளமற்ற மண்ணுக்கு எருவிடலாம் எனில், எருவுக்கு மாடு வேண்டும். கொண்டுவந்த சில மாடுகளும் அவ்வாண்டிலேயே மேய்ப்பவர் கவனக்குறைவால் காட்டுக்குள் ஓடி மறைந்தன. ஏழு ஆண்டுகள் கழித்து, 1795-இல், அவை தொலைவிலுள்ள புல்வெளியில் பெருமந்தையாகப் பெருகியிருக்கக் கண்டனர். தொடக்க ஆண்டுகளில் போதிய எருவுமில்லை, ஏர் பூட்ட எருதுமில்லை.

எல்லாவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. வந்தவர்களுள் பயிர்த்தொழில் அறிந்தோர் மிகச் சிலரே. பலர் நகரத்துத் தெருக்களில் வளர்ந்தவர். காட்டு மரங்களோ இரும்பு போன்றவை. கோடரியின் வாய் மழுங்கிற்று. வீழ்த்திய மரத்தின் அடிக்கட்டைகளைப் பெயர்க்க வலியின்றி அப்படியே விட்டு, இடையிடையே மண்ணைக் கீறி விதையைத் தூவினர். அரசினர் நிலத்தில் உழைத்த கைதிக்கு அந்நிலத்தின் விளைவில் தனியுரிமை இல்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அவனுக்குக் கிடைப்பது ஒரே படி. எனவே, மேற்பார்வையாளன் கண் மறைந்தவுடன் கொத்தும் நின்றது.

காய்கறியின் தேவையோ மிகுதியாக இருந்தது. நெடுநாள் உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த மாவையும் மட்டுமே உண்டவர்க்கு ஈறு வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், உடல் தளரும். பசுங்காய்களிலும் கீரைகளிலும் பழங்களிலும் உள்ள ‘சி’ உயிர்ச்சத்து உடலில் குன்றுவதே அந்நோய்க்குக் காரணம். அது குடியேற்றத்திலும் பரவியது. காட்டில் முளைத்த கீரைகளையும், இனிப்பான ஒருவகைக் கொடியின் இலையையும் பறித்து உண்டு பலர் உயிர் காத்தனர். ‘சிரியஸ்’ என்னும் கப்பலின் மாலுமிகள் துறைமுகத்திலிருந்த ஒரு சிறு தீவில் காய்கறித் தோட்டம் அமைத்தனர். அத்தீவு இன்றும் ‘தோட்டத் தீவு’ என்றே பெயர் பெற்றுள்ளது. 1788 என்னும் ஆண்டு பொறித்த பாறை ஒன்றும் அங்கு உளது. குடியேற்றத்தில் தோட்டம் வைத்தவர்களுக்குப் புதிய துன்பம் ஒன்று நேர்ந்தது. பசித்தவர் இரவில் வந்து, முற்றாத காயையும் பறித்துச் சென்றனர். 1789-இல் இரவுக் காவற்படை ஒன்றையே அமைக்க வேண்டியதாயிற்று.

பிலிப் சோர்ந்துவிடவில்லை. ‘இங்கு விளையாவிடின் வேறிடம் நோக்குவோம்’ என்று, துறைமுகத்தின் மேற்கோடியில் ஆற்றின் வழியே சென்று நிலம் தேடினார். சிட்னியிலிருந்து ஏறத்தாழ 15 மைல் தொலைவில் நல்ல மண் கிடைத்தது. 1788 நவம்பரில் அங்கு ஒரு பண்ணை அமைத்து ‘ரோஸ் ஹில்’ எனப் பெயரிட்டார். பர்ராமட்டாகல் என்னும் பழங்குடியினர் வாழ்ந்த பகுதி அது. அவர்கள் மொழிப் பெயரைத் தழுவிப் பின்னர் ‘பாரமட்டா’ என அவ்வூர் வழங்கலாயிற்று. ஹென்றி டாட் என்னும் பயிர்த்தொழில் வல்லார் அப்பண்ணையைக் கண்காணித்தார். 1789-ஆம் ஆண்டு இறுதியில் அங்கு ஏறத்தாழ 200 புஷல் கோதுமை விளைந்தது. புஷல் என்பது ஏறத்தாழ 36 லிட்டர் கொள்ளும் முகத்தலளவை. அங்கு விளைந்த முட்டைக்கோசு ஒன்று 26 இராத்தல் எடை இருந்ததாம். ஆயினும் அக்கோதுமையை ஒருவரும் உண்ணவில்லை. அடுத்த பருவத்திற்கு விதை வேண்டுமன்றோ? பசியைப் பொறுத்து, விளைந்ததை விதைக்கெனவே காத்து வைத்தனர்.

இந்நிலையில்தான் ஜேம்ஸ் ரூஸ் முன்வந்தார். இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வால் பகுதியில் 1759-இல் பிறந்தவர் அவர். உழவுத் தொழிலில் பழகியவர். 1782-இல் ஒரு வீட்டினுட் புகுந்து இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடிய குற்றத்திற்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின் அது ஏழாண்டு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. சில ஆண்டுகளைக் கப்பற் சிறையிற் கழித்தபின் முதற் கப்பற்குழுவில் ஆஸ்திரேலியா வந்தடைந்தார். 1789-இல், தம் தண்டனைக் காலம் முடிந்துவிட்டதெனவும், தமக்குச் சிறிது நிலம் தந்தால் தம் உணவைத் தாமே விளைவித்துக்கொள்வதாகவும் ஆளுநரிடம் வேண்டினார்.

ரூஸின் கூற்றுக்குச் சான்று காட்ட வழியில்லை. கைதிகளின் தண்டனைக் காலத்தைக் குறித்த ஏடுகள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. எனினும் பிலிப் ஒரு சோதனை செய்து பார்க்க எண்ணினார். ஒரு தனி மனிதன் இந்நாட்டு மண்ணில் உழைத்துத் தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ள எத்துணைக் காலம் பிடிக்கும்? இவ்வினாவுக்கு விடை கிடைத்தால் குடியேற்றம் நிலைக்குமா, அழியுமா என்பது தெரிந்துவிடும். 1789 நவம்பரில் ரோஸ் ஹில்லை அடுத்து, மரம் வெட்டப்பட்ட ஒன்றரை ஏக்கர் நிலத்தில் ரூஸ் அமர்த்தப்பட்டார். ஒரு குடிசையும், சில கருவிகளும், விதையும், இரண்டு பெண் பன்றிகளும், ஆறு கோழிகளும் அவருக்கு வழங்கப்பட்டன. விளைவு வரும்வரை களஞ்சியத்திலிருந்து உணவும் உடையும் தருவதாக ஏற்பாடாயிற்று.

அப்போது குடியேற்றத்தின் நிலை மேலும் மோசமாயிற்று. உணவும் செடிகளும் ஏற்றிவந்த ‘கார்டியன்’ என்னும் கப்பல் 1789 டிசம்பரில் தென்கடலில் பனிப்பாறை மீது மோதியது. 1790 மார்ச்சு 19-ஆம் நாள் ‘சிரியஸ்’ கப்பல் நார்போக் தீவருகே பாறையில் சிக்கி உடைந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒருவருக்கு ஒரு வாரத்திற்கு இரண்டரை இராத்தல் மாவும், இரண்டு இராத்தல் அரிசியும், இரண்டு இராத்தல் பன்றியிறைச்சியும் மட்டுமே அளக்கப்பட்டன. ஆளுநருக்கும் அதே அளவுதான். அவர் வீட்டிற்கு விருந்துக்கு வருவோரும் தத்தம் ரொட்டியைக் கையோடு கொண்டு வந்தனர். உணவுப் படி வாங்க வந்த முதியவர் ஒருவர் பசியால் விழுந்து இறந்தார். 1790 சூன் மாதத்தில் கப்பல்கள் வந்த பின்னரே சிறிது மூச்சுவிட முடிந்தது. அக்கப்பல்களிலும் நோயாளிகள் பலர் வந்தனர். உண்ணும் வாய்கள் பெருகின.

இத்தனை இன்னலுக்கிடையில் ரூஸ் தம் நிலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? 1790 நவம்பரில் வாட்கின் டென்ச் என்னும் படை அதிகாரி அந்நிலத்தைக் கண்டு, ரூஸிடம் விவரங்கேட்டு எழுதி வைத்தார். அதனால் அவர் கையாண்ட முறையை நாம் இன்று படிப்படியாக அறிய முடிகிறது.

ரூஸ் முதலில், நிலத்தில் விழுந்து கிடந்த மரங்களை எரித்தார். அச்சாம்பலை வீணாக்காமல் மண்ணோடு கலந்து கொத்தினார். மரச்சாம்பலில் சாம்பற் சத்தும் சுண்ணமும் உண்டு. புளிப்பு மிக்க மண்ணின் புளிப்பை அது தணிக்கும். பெருமரங்களை அப்புறப்படுத்த வண்டியும் மாடும் இல்லாத அந்நிலையில் எரிப்பதன்றி வேறு வழியில்லை. ஆயின் வைக்கோலையும் தாளையும் வயலில் எரிப்பது இன்று நாம் பின்பற்றத்தக்க முறையன்று. மண்ணுக்குரிய மட்குப் பொருளும் தழைச்சத்தும் அதனால் புகையாகப் போய்விடும். இவ்வுண்மையை ரூஸும் அறிந்திருந்தார் போலும். வைக்கோலை அவர் எரிக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடுத்து, நிலத்தை ஆழக் கொத்தினார். ஒரு நாளில் எட்டு அல்லது ஒன்பது ராடு அளவுக்கு மேல் அவர் கொத்தவில்லை. ஏக்கர் ஒன்றுக்கு 160 சதுர ராடு. எட்டு ராடு என்பது ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு. நம் நாட்டுக் கணக்கில் ஐந்து சென்டு. ஒன்றரை ஏக்கரை ஒருமுறை கொத்தி முடிக்க ஒரு மாதம் ஆகும். ‘இவ்வளவு மெதுவாகச் செய்வதா?’ என்று சிலர் எண்ணக்கூடும். அரசினர் பண்ணையில் ஒரு நாளில் அதனினும் மிகுதியான நிலத்தைக் கொத்தச் சொல்லினர். ஆனால் அது கொத்தலன்று, கீறலே. மேலே கீறிய மண்ணில் வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. குறைந்த நிலத்தை நன்கு செய்வதே மிகுந்த நிலத்தை அரைகுறையாகச் செய்வதினும் மேல் என்பது ரூஸ் கண்ட உண்மை.

மூன்றாவதாக, பெயர்த்த கட்டிகளை உடைத்துத் தூளாக்கி, புல்லையும் களையையும் அம்மண்ணுக்குள்ளேயே புதைத்தார். களை என்று எறிந்தால் அது குப்பை. மண்ணுள் மட்கினால் அதுவே உரம். நம் உழவர் கொழிஞ்சியையும் சணப்பையையும் மடக்கி உழுவது இவ்வுண்மை பற்றியே. எருமாடு இல்லாத நாட்டில் புல்லையே எருவாக்கினார் ரூஸ்.

நான்காவதாக, அவ்வாறு கொத்திய நிலத்தை இயன்றவரை நெடுநாள் காற்றும் வெயிலும் படுமாறு விட்டு வைத்தார். விதைப்பதற்குச் சற்று முன்னர் மீண்டும் ஒருமுறை புரட்டினார். காயும்போது களைகளின் வேர் பட்டுப்போகும். மண்ணில் மறைந்திருக்கும் புழுவும் முட்டையும் அழியும். இறுகிய மண் பொலபொலப்பாகும். நிலத்தை உழுது, ஒரு பலம் புழுதி கால் பலமாகுமாறு காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்று வள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் கூறியுள்ளார். அந்நூலைப் பற்றி அறியாத ஒருவர், உலகின் மற்றொரு கோடியில், தம் அனுபவத்தால் அதே உண்மையைக் கண்டார் என்பது வியப்புக்குரியதன்றோ?

இவ்வாறு பண்படுத்திய நிலத்தில் ஒன்றரை ஏக்கர் அளவுக்குக் கோதுமையும், மேலும் திருத்திய நிலத்தில் அரை ஏக்கர் அளவுக்கு மக்காச்சோளமும் விதைத்தார். குடிசைக்கு அருகில் ஒரு சிறு காய்கறித் தோட்டமும் அமைத்தார். கோதுமை விளைய மாதங்கள் பல வேண்டும். காய்கறியும் கீரையும் சில வாரங்களில் கைக்கு வரும். தானியம் முற்றும்வரை வயிறு காத்திராது அன்றோ? மேலும், கோதுமை கெட்டாலும் மக்காச்சோளம் நிற்கும். அதுவும் கெட்டால் காய்கறி கைகொடுக்கும். எல்லா நம்பிக்கையையும் ஒரே பயிரின்மேல் வைக்கலாகாது என்னும் படிப்பினையை முந்தைய பருவங்கள் அவருக்குக் கற்பித்திருந்தன.

அறுவடைக்குப் பின் செய்ய வேண்டுவதையும் அவர் முன்னரே திட்டமிட்டிருந்தார். கோதுமை அறுத்த நிலத்தை மீண்டும் கொத்தி, டர்னிப் என்னும் கிழங்குப் பயிரை விதைத்தால் மண் அடுத்த ஆண்டுக்குப் பதப்படும் என்று எண்ணினார். வைக்கோலைக் குழிகளில் இட்டு, அழுகக்கூடிய பொருள் யாவற்றையும் அதனோடு சேர்த்து எருவாக்கக் கருதினார். நம் நாட்டு எருக்குழியும் இவ்வகையினதே. நிலத்தினின்று எடுத்ததில் ஒரு பங்கை நிலத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அப்போது அவருக்குத் துணையாக இருந்தவர் ஒருவரே. 1790 சூன் மாதத்தில் ‘லேடி சூலியானா’ என்னும் கப்பலில் கைதியாக வந்த எலிசபெத் பெரி என்பவரை அவர் அவ்வாண்டு செப்டம்பரில் மணந்தார். கணவனும் மனைவியும் பகல் முழுதும் நிலத்தில் பாடுபட்டனர். அவ்வாண்டு மழை குறைவு. பயிர் அடர்த்தியாக விளைந்தது என்று கூற இயலாது. ஆயினும் விளைந்தது. தம் நிலம் என்னும் எண்ணம், வறட்சியிலும் கொத்தைக் கீழே வைக்கவிடாமல் அவர்களைத் தாங்கிற்று.

1791-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரூஸ் ஆளுநரிடம் சென்று, இனித் தமக்குக் களஞ்சிய உணவு வேண்டுவதில்லை என்று தெரிவித்தார். நிலத்தில் அமர்ந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன. பிலிப்பின் வினாவுக்கு விடை கிடைத்தது. உழைப்பும் முறையும் இருந்தால் இந்நாட்டில் மனிதன் தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளலாம்! அவ்வாண்டில் ரூஸுக்கு 30 ஏக்கர் நிலம் உரிமையாக்கப்பட்டது. அக்குடியேற்றத்தில் முதன்முதல் நிலவுரிமை பெற்றவர் அவரே என்பர். அந்நிலம் ‘சோதனைப் பண்ணை’ எனப் பெயர் பெற்றது. எலிசபெத்தும் தண்டனையினின்று விடுவிக்கப்பட்டார். பின்னர்ப் பலர் ரூஸைப் பின்பற்றி நிலம் கேட்டு வந்தனர்.

ரூஸின் வாழ்வு அதன்பின் இன்பமாகவே சென்றது என்று கூறுவதற்கில்லை. 1793-இல் அந்நிலத்தை 40 பவுனுக்கு விற்றார். அடுத்த ஆண்டில் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் வேறு நிலத்தில் குடியேறினார். அங்கு மண் வளமானது. ஆனால் ஆற்றில் வெள்ளம் பெருகிப் பயிரை அழிப்பதுண்டு. அவர் பலமுறை தாழ்ந்தார். பலமுறை மீண்டும் தொடங்கினார். இறுதிக் காலத்தில் பிறர் நிலத்தில் மேற்பார்வையாளராகவும் பணிபுரிந்தார். 1837-இல் அவர் இறந்தார். அந்நாட்டில் முதல் தானியத்தை விதைத்தவர் தாமே என்று அவருடைய கல்லறைக் கல் கூறுகிறது. உண்மையில் அதற்கு முன்னரே அரசினர் பண்ணையில் விதைத்திருந்தனர். விதைத்த முதல்வர் அவரல்லர்; விதைத்துத் தம் காலில் தாம் நின்ற முதல்வர் அவர். சிட்னி நகரில் உள்ள வேளாண்மை உயர்நிலைப் பள்ளி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறத்தலாகாது. அந்நிலம் யாருமற்ற நிலமன்று. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் அங்கு வாழ்ந்தனர். ஆற்றில் மீன் பிடித்தும், கரையோரத்தில் கிழங்கு அகழ்ந்தும், காட்டின் இயல்பறிந்து உண்டு வந்தனர். குடியேறியோர் பசியால் வாடிய அதே நாட்டில் அவர்களுக்கு உணவு கிடைத்தது. 1789-இல் பரவிய பெரியம்மை அவர்களுள் மிகப் பலரைக் கொன்றது. பண்ணைகள் பெருகப் பெருக அவர்கள் தம் நிலத்தையும் நீரையும் இழந்தனர். ஒருவருடைய உழைப்பைப் போற்றும்போது, மற்றவர் இழந்ததையும் நினைவிற்கொள்வதே நேர்மையாகும்.

ரூஸின் ஒன்றரை ஏக்கரிலிருந்து மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கவை சில உள. பள்ளித் தோட்டத்திலோ வீட்டுக் கொல்லையிலோ போட்ட வெண்டையும் கத்தரியும் ஒரு பருவம் கெட்டுவிட்டால், மண்ணைப் பழித்துப் பயனில்லை. முதலில் காரணத்தைத் தேட வேண்டும். விதை உயிருள்ளதுதானா? பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து சில நாள் வைத்தால், எத்தனை முளைக்கின்றன என்பது தெரிந்துவிடும். நெடுந்தொலைவிலிருந்து வந்த கோதுமையைச் சோதித்துப் பார்க்காமல் விதைத்தவர் பட்ட துன்பம் நமக்கு வேண்டுவதில்லை. விதைத்த பருவம் ஏற்றதுதானா? நீர் தேங்குகிறதா, ஓடிவிடுகிறதா? கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகிய மூன்றும் ஓரினத்தைச் சேர்ந்தவை. அவற்றை ஒரே பாத்தியில் மாறி மாறிப் போட்டால், ஒன்றைப் பற்றிய நோய் மற்றொன்றையும் பற்றும். அவ்விடத்தில் அடுத்த பருவம் அவரையோ கீரையோ போடுவது நலம்.

காரணம் தெரிந்தபின் சிறிதாகத் தொடங்க வேண்டும். தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் திருத்த முயன்று களைத்துப்போவதைவிட, நாளுக்கு ஒரு பாத்தி என்று ஆழக் கொத்திக் கட்டி உடைத்து, வெயிலில் ஆறவிட்டு, மட்கிய எருவிட்டு விதைப்பதே சிறந்தது. பறித்த களையும் உதிர்ந்த இலையும் எருக்குழிக்குச் செல்லட்டும். நன்கு விளைந்த செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு விதையெடுத்து வைக்கட்டும். பசித்த நாளிலும் விதைக் கோதுமையில் கை வைக்காத மக்களின் பொறுமையை அப்போது நினைத்துக்கொள்ளட்டும்.

தோல்வியுற்ற பருவம் முற்றிலும் வீணானதன்று. எதைச் செய்யலாகாது என்பதை அது கற்பிக்கிறது. அப்பாடத்தைக் கற்றுக்கொண்டு மீண்டும் மண்வெட்டியை எடுப்பவனுக்கே அடுத்த பருவம் உரியது.